‘தரகர்கள் அழைக்க வேண்டாம்’: வீட்டை நாமே இணையத்தில் விற்பது என்றால் என்ன?

வீடு விற்கும் பேச்சு வந்தாலே நம் குடும்பங்களில் இரண்டு கட்சி உருவாகிவிடும். “நெட்ல நாலு போட்டோ போட்டா போதும், பத்து நாள்ல வித்துடும், கமிஷன் மிச்சம்” என்பது ஒரு கட்சி. “புரோக்கர் இல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்கூட மிதிக்க முடியாது” என்பது இன்னொரு கட்சி. தாம்பரம் பக்கத்தில் இருந்த என் அக்காவின் ஃபிளாட்டை விற்க நான் உதவிக்கு நின்றபோது, இரண்டு கட்சிக்காரர்களும் வீடு தேடி வந்து காபி குடித்துவிட்டு ஆலோசனை சொல்லிப் போனார்கள். இருவர் சொன்னதிலும் பாதிதான் சரி என்பது போகப் போகத்தான் புரிந்தது.

இரண்டாவது கட்சியின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். சொந்த வீட்டை விற்கப் புரோக்கர் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விற்பனையைப் பதிவு செய்யும் ஆவணத்துக்குக் கிரயப் பத்திரம் என்று பெயர். அதில் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சாட்சிகள், பத்திரத்தைத் தயாரித்தவர் எல்லோருக்கும் இடம் உண்டு. புரோக்கருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. 2016-ல் வந்த ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், முகவர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது. குடியிருந்த வீட்டை விற்கும் தனி ஆளை அது தொடுவதில்லை.

ஆக, நாமே விற்கலாம். அப்படி விற்கும்போது எந்தெந்த வேலை நம் தலையில் வந்து விழுகிறது என்பதில்தான் குழப்பமே இருக்கிறது.

கல்யாணத் தரகரும் மேட்ரிமோனி தளமும்

அந்தக் காலத்துக் கல்யாணத் தரகரை நினைத்துப் பாருங்கள். கக்கத்தில் பை, பைக்குள் ஜாதகக் கட்டு. அவரிடம் இருந்தது ஜாதகம் மட்டும் இல்லை. எந்தப் பையன் வேலையை விட்டுவிட்டான், எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினைச் சண்டை, யார் எவ்வளவு நகை எதிர்பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெண் வீட்டார் நேரில் கேட்கக் கூசுவதை அவர் போய்ப் பதமாகக் கேட்டு வருவார்.

மேட்ரிமோனி தளம் வந்தது. தரகர் காட்டிய பத்து வரனுக்குப் பதில் பத்தாயிரம் வரன் தெரிந்தது. ஆனால் பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, பேசி முடிப்பது எல்லாம் பெற்றோர் கைக்கே வந்துவிட்டது. தளம் பெண் பார்க்க வராது.

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஹவுசிங், நோபுரோக்கர், ஓஎல்எக்ஸ் போன்ற தளங்கள் வீட்டுக்கு இதைத்தான் செய்கின்றன. செய்தித்தாளில் “2 பெட்ரூம் ஃபிளாட் விற்பனைக்கு, தரகர்கள் அழைக்க வேண்டாம்” என்று வந்த வரி விளம்பரம்தான் படங்களோடும் தேடும் வசதியோடும் பெரிதாகி நிற்கிறது. அது அறிவிப்புப் பலகை. வீட்டை விற்பதாக அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கமிஷன் எதற்குப் போகிறது?

புரோக்கர் செய்வது நான்கு வேலைகள். ஆள் பிடிப்பது முதல் வேலை. அந்தத் தெருவில் போன மாதம் என்ன விலைக்கு வீடு உண்மையில் கைமாறியது என்று தெரிந்து வைத்திருப்பது இரண்டாவது. வந்தவர்களில் நிஜமாக வாங்கப் போவது யார், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு வீடு பார்ப்பவர் யார் என்று சலிப்பது மூன்றாவது. நான்காவது, இரண்டு தரப்புக்கும் நடுவே நின்று கோபம் வராமல் விலை பேசுவது.

முதல் வேலை மட்டும்தான் வெளியே தெரிகிறது. அதனால்தான் “ரெண்டு பேருக்கு வீட்டைக் காட்டினதுக்கு லட்ச ரூபாயா?” என்று நமக்கு வயிறு எரிகிறது. கமிஷன் ஊருக்கு ஊர் மாறும். பொதுவாக விலையில் 1 சதவீதம், சில இடங்களில் 2 சதவீதம். விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் வாங்குவார்கள். 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 1 சதவீதம் என்றால் 80,000. இரண்டு என்றால் 1,60,000.

தளம் எடுத்துக்கொள்வது அந்த முதல் வேலையை மட்டும். மிச்சமாகும் பணம், மற்ற மூன்று வேலைகளையும் நாமே செய்வதற்கான கூலி. நேரம் இருந்து, போனில் பேசச் சலிக்காதவராக இருந்தால் நல்ல கூலிதான். வேலைக்கு நடுவே யார் அழைத்தாலும் எரிச்சல்படுகிறவர் என்றால், கமிஷனைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் தப்பே இல்லை என்பது என் கருத்து.

தளத்துக்குள் என்ன நடக்கிறது?

வீட்டு உரிமையாளர் விளம்பரம் போட அநேகமாக எல்லாத் தளங்களிலும் ஓர் இலவச வழி உண்டு. அப்படியானால் தளம் எப்படிப் பிழைக்கிறது?

‘லீட்’ என்று ஒரு சொல் இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும். வாங்கும் ஆர்வம் உள்ள ஒருவரின் பெயரும் போன் எண்ணும்தான் லீட். ஒருவர் உங்கள் விளம்பரத்தில் ‘உரிமையாளரைத் தொடர்புகொள்’ என்ற பொத்தானை அழுத்தியதும் ஒரு லீட் பிறக்கிறது. இந்தத் தொடர்புகள்தான் தளத்தின் சரக்கு. விளம்பரத்தை மேலே காட்டக் கட்டணம், கூடுதல் தொடர்புகள் பெறக் கட்டணம், கட்டுநர்களின் பெரிய விளம்பரங்கள் என்று பல வழியில் அது பணமாகிறது. 2014-ல் தொடங்கிய, பெங்களூருவைச் சேர்ந்த நோபுரோக்கர், புரோக்கர்களை விலக்கி உரிமையாளரையும் வாங்குபவரையும் நேராக இணைப்பதையே தொழிலாக்கிக்கொண்டது. வருமானம் சந்தாத் திட்டங்களிலிருந்தும் சட்ட ஆலோசனை, வீடு மாற்றும் சேவை போன்றவற்றிலிருந்தும் வருகிறது.

விளம்பரம் போட்ட அன்றே போன் அடிக்க ஆரம்பிக்கும். சந்தோஷப்பட வேண்டாம். முதல் இரண்டு நாளில் எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கின: “சார், ஓனரா பேசுறீங்க? என்கிட்ட ரெடி பார்ட்டி இருக்கு.” புரோக்கர்களுக்கும் சரக்கு வேண்டும், அவர்களும் அதே பலகையைத்தான் பார்க்கிறார்கள். ‘தரகர்கள் வேண்டாம்’ என்று எழுதியிருந்ததை அவர்கள் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்துவிட்டுத்தான் அழைத்தார்கள்.

வாங்குபவர் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். அவர் எல்லா வீட்டையும் பார்ப்பதில்லை. பகுதி, படுக்கையறை எண்ணிக்கை, விலை வரம்பு மூன்றையும் தேர்ந்தெடுத்து வடிகட்டுகிறார். ‘80 லட்சம் வரை’ என்று அவர் வடிகட்டினால், 81 லட்சம் போட்ட வீடு அவர் திரைக்கே வராது. பேசிக் குறைக்கலாம் என்று நீங்கள் ஏற்றிப் போட்ட ஒரு லட்சம், வரக்கூடிய ஒரு கூட்டத்தையே தடுத்துவிடும். புரோக்கரிடம் சொல்லும் விலைக்கும் தளத்தில் போடும் விலைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். மனிதர் “கொஞ்சம் கூட இருக்கு, பேசிப் பாக்கலாம் வாங்க” என்று சொல்வார். வடிகட்டி சொல்லாது.

சுருக்கமாக இதுவரை: தளம் ஒரு பலகை; அதன் சரக்கு வாங்குபவரின் தொடர்பு எண்; விலை வைப்பது, ஆளைச் சலிப்பது, பேசி முடிப்பது மூன்றும் உங்கள் வேலை. இனி அந்த மூன்றையும் பார்ப்போம்.

ஒரே வீட்டுக்கு மூன்று விலை

“மார்க்கெட் ரேட் என்ன?” என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். காரணம், அவர்கள் பேசுவது வேறு வேறு விலைகளைப் பற்றி.

தளத்தில் பக்கத்து வீடுகளுக்குப் போட்டிருப்பது கேட்கும் விலை. விற்ற விலை பொதுவாக அங்கே போடப்படுவதில்லை. மூன்று முறை 95 லட்சம் என்று பார்த்ததும் நம் வீடும் 95 லட்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அந்த மூன்றும் ஆறு மாதமாக விற்காமல் கிடப்பவையாக இருக்கலாம்.

அடுத்தது வழிகாட்டி மதிப்பு. தெரு வாரியாகவோ சர்வே எண் வாரியாகவோ அரசு குறித்து வைத்திருக்கும் மதிப்பு இது. தமிழ்நாடு பதிவுத்துறையின் தளத்தில் யாரும் பார்க்கலாம். பத்திரத்தில் இதைவிடக் குறைத்து எழுதினால் முத்திரைத் தீர்வை குறையாது, பதிவில் சிக்கல்தான் வரும். பல இடங்களில் உண்மையான விலை இதைவிட மேலேதான் இருக்கும். எனவே விற்கும் விலையை இதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது.

மூன்றாவது, வாங்குபவரின் வங்கி போடும் மதிப்பு. இதைத்தான் விற்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்த விலை, வங்கியின் மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கடன். அதிலும் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம்.

80 லட்சம் ரூபாய் வீட்டை எடுத்துக்கொள்வோம். கடன் அதிகபட்சம் 64 லட்சம். மீதி 16 லட்சம் கையிலிருந்து. அதோடு தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முன்பு 4 சதவீதமாக இருந்த பதிவுக் கட்டணத்தை 2023-ல்தான் குறைத்தார்கள். இந்த 9 சதவீதம் 7,20,000 ரூபாய். ஆக, 23 லட்சத்துக்கு மேல் கையில் இல்லாதவர் இந்த வீட்டை வாங்கவே முடியாது. “அட்வான்ஸ் கொடுக்க ரெண்டு மாசம் டைம் குடுங்க சார்” என்று ஒருவர் கேட்டால், அவர் ஏமாற்றுக்காரர் என்று அர்த்தமில்லை. இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்கம்பக்கத்தில் விற்ற விலையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மேல் நடந்த விற்பனை, அடமானம் போன்ற பதிவுகளின் பட்டியல். பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் பத்திரத்தில் எழுதிய தொகையும் இருக்கும். ஆனால் நம் ஊரில் பத்திரத்தில் எழுதுவது ஒன்று, கை மாறுவது இன்னொன்று என்ற பழக்கம் உண்டே. அந்தத் தொகையைக் கீழ் எல்லையாக வைத்துக்கொண்டால் போதும்.

விளம்பரத்தில் எழுத வேண்டிய ஒரு விஷயம்

படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், கொடியில் துணி காய வேண்டாம் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதிகம் குழப்புவது அளவுதான்.

“1,100 சதுர அடி ஃபிளாட்” என்றால் எது 1,100? சுவருக்குள் நடமாடக்கூடிய தரைப் பரப்பு கார்ப்பெட் ஏரியா. சுவர், படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்வது சூப்பர் பில்ட்அப் ஏரியா. பிரிக்காத நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்குக்கு யூடிஎஸ் என்று பெயர். கட்டடம் பழசாகப் பழசாக மதிப்பைத் தாங்கிப் பிடிப்பது இந்த யூடிஎஸ். மூன்றையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வீடு பார்க்க வருகிறவர் டேப்பை எடுத்து அளந்துவிட்டு, 300 சதுர அடி காணோம் என்று உங்களையே சந்தேகமாகப் பார்ப்பார்.

தனி வீடு என்றால் மனையின் அளவை எழுதுங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னையில் கிரவுண்டு புரியும். மதுரை, கோவைப் பக்கம் சென்ட் சொன்னால்தான் ஆளுக்கு உடனே மனக்கணக்கு ஓடும்.

போன் வந்தால்

சலிக்கும் வேலை இங்கே தொடங்குகிறது. மூன்று கேள்வி போதும்: சொந்தக் குடித்தனத்துக்கா, முதலீட்டுக்கா? கடன் போடுகிறீர்களா? எப்போது முடிக்க நினைக்கிறீர்கள்? உண்மையாக வாங்க வருகிறவர் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார். நேரில் பார்க்கும் முன்பே “கடைசி விலை எவ்வளவு?” என்று கேட்பவரிடம் விலையைக் குறைக்காதீர்கள். “வந்து பாருங்க, உக்காந்து பேசுவோம்” என்றால் பாதிப் பேர் அதற்கப்புறம் வரமாட்டார்கள். அதுவே ஒரு வடிகட்டல்.

மோசடி அழைப்புகளும் வரும். ஒருவர் வீட்டையே பார்க்காமல் பிடித்துவிட்டது என்பார், உடனே டோக்கன் அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்பார், ஒரு கியூஆர் கோடு அனுப்பி அதை ஸ்கேன் செய்து யுபிஐ பின் போடச் சொல்வார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்றுதான் அர்த்தம். இந்த ஒரு விஷயத்தை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்; விளம்பரத்தில் பெரும்பாலும் அவர்கள் எண்தான் இருக்கும்.

பத்திர நகல், ஆதார் நகல் இரண்டையும் விளம்பரத்தில் ஏற்றாதீர்கள். நேரில் வந்து பார்த்து, விலை பேசும் நிலைக்கு வந்தவருக்கு மட்டும் நகல் கொடுத்தால் போதும்.

பத்திரப் பை

புரோக்கர் இருந்தால் “டாக்குமென்ட் எல்லாம் கிளியர் சார்” என்று ஒருவர் வாயால் சொல்லவாவது இருப்பார். நாமே விற்கும்போது, விளம்பரம் போடுவதற்கு முன்பே பையைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. நம் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது.

இதில் எங்களைப் படுத்தியது வில்லங்கச் சான்று. அக்கா வீட்டுக் கடனை அடைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது, அசல் பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சான்றைப் பார்த்தால் அடமானம் அப்படியே இருக்கிறது! கடன் வாங்கும்போது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிவு செய்வார்கள். கடன் முடிந்ததும் அதற்கு ரசீது ஆவணம் ஒன்றையும் பதிவு செய்தால்தான் கணக்கு நேராகும். அக்காவுக்கு அது தெரியாது. வாங்க வந்தவர் முகம் சுருங்கிப் போனது. வங்கிக்கு நடந்து அந்த ரசீதைப் பதிவு செய்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. நல்லவேளை, அவர் காத்திருந்தார்.

ஒரு வழக்கறிஞரிடம் பையைக் கொடுத்துச் சட்டக் கருத்து வாங்கிவிடுங்கள். கமிஷனோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது. வாங்குபவரின் வங்கி எப்படியும் தன் வழக்கறிஞரை வைத்துப் பார்க்கத்தான் போகிறது. அவர் கண்டுபிடிக்கப் போகும் ஓட்டையை நாம் முன்பே அடைத்துவிடலாம்.

அட்வான்ஸிலிருந்து பதிவு வரை

விலை பேசி முடிந்ததும் கிரய ஒப்பந்தம், பேச்சு வழக்கில் அக்ரிமென்ட். இன்ன விலை, இவ்வளவு அட்வான்ஸ், இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், தவறினால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்தத்தால் வீடு கைமாறாது. பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் மாறும். ஆனால் தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து இந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். பலர் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிவிட்டு, தகராறு வந்ததும் விழிக்கிறார்கள்.

அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வருமான வரிச் சட்டப்படி, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரக்கூடும். வங்கி வழியாகவே வரட்டும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வரிப் பிடித்தமாக, எடுத்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் தருவார். 80 லட்சத்துக்கு 80,000 குறைவாக வருகிறதே என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். சிங்கப்பூரிலோ துபாயிலோ வெளிநாடுவாழ் இந்தியராக இருந்துகொண்டு ஊர் வீட்டை விற்பவருக்கு இந்த 1 சதவீதம் பொருந்தாது. பிடித்தம் பல மடங்கு. அவர்கள் விளம்பரம் போடுவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட வேண்டும். லாபத்தின் மேல் வரும் மூலதன ஆதாய வரிக்கு, வாங்கி 24 மாதம் தாண்டியதா என்பது முக்கியம். அதற்கும் ஆடிட்டர்தான்.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, போட்டோவுக்கும் விரல் ரேகைக்கும் காத்திருக்க வேண்டும். மீதிப் பணம் கணக்கில் ஏறியதை, அல்லது வங்கியின் டிடி கையில் இருப்பதை, சரிபார்த்த பிறகே கையெழுத்து. “சாயங்காலம் போட்டு விட்டுடறேன்” என்பதை எவ்வளவு நல்லவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். சாவியைக் கடைசியாகக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் விளம்பரத்தை நீக்குங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட தளத்தில் போட்டிருந்தால் எல்லாவற்றிலும். நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை அக்காவுக்கு அழைப்பு. “அம்மா, அந்த ஃபிளாட் இருக்குங்களா?” வித்தாச்சு என்றாள் அக்கா. “சரிங்கம்மா, யார் மூலமா முடிஞ்சுது?” நாங்களே முடிச்சோம் என்றாள். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: “உங்க அபார்ட்மென்ட்ல வேற யாராவது விக்கிறாங்களாம்மா? உங்களுக்குன்னு ஒண்ணு பாத்துப் பண்ணிடலாம்.”